அச்சும் அணியும்



அணிகலன் என்றதும் நம்மவர் மனம் பொன்னை நாடிச் செல்லும். பொன்னல்லாத அணியை நாம் அணியென்றே மதிப்பதில்லை. “வெறும் மணி”, “வெறும் மண்” என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும் களிமண், பனையோலை, சிரட்டை, கடதாசி, நூல், கம்பி ஆகிய எளிய பொருள்களை ஒன்றோடொன்று இணைத்து, அவற்றின் மேல் றப்பர் அச்சினால் கோலங்களைப் பதித்து, காதுக்கும் கழுத்துக்கும் கைக்கும் உகந்த அணிகளாக்கும் கைவினையொன்று இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் நெடுவீதியில் உள்ள தர்மபுரம் போன்ற ஊர்களுக்கு இக்கைவினை ஏற்றதா? இது பொழுதுபோக்கு மாத்திரமா, அல்லது ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கக் கூடிய தொழிலா? இவ்வினாக்களைக் குறித்தே இன்று உங்களோடு சிறிது நேரம் பேச விரும்புகின்றேன்.

முதலிலே, அச்சும் அணியும் நமக்குப் புதியவையல்ல என்பதை நினைவூட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலத்து ஈமக்குழியொன்றை அகழ்ந்தபோது ஒரு சிறு முத்திரை கிடைத்தது. ஒரு வரியிலே குறியீடுகளும், மற்றொரு வரியிலே பிராமி எழுத்துகளும் அதில் இருந்தன. அது மோதிரமொன்றின் முகப்பாக இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. எண்ணிப் பாருங்கள்: விரலில் கிடக்கும்போது அது அணி, மண்ணிலோ மெழுகிலோ அழுத்தும்போது அது அச்சு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் நிலத்தில் அச்சும் அணியும் ஒரே பொருளாய் ஒருவர் கையிலே இருந்திருக்கின்றன. அழகுக்காக அணிந்ததே, “இது இன்னாருடையது” என்று உலகுக்குச் சொல்லும் சான்றாகவும் விளங்கியது.

பொன்வேலை செய்யும் பத்தரின் பட்டறையிலும் அச்சுக்கு இடமுண்டு. மெல்லிய பொற்றகட்டை வெண்கல அச்சின் குழியிலே வைத்துத் தட்டினால், அச்சிலுள்ள பூவும் இலையும் தகட்டிலே எழுந்து நிற்கும். உட்குடைவாய் அமைந்த அத்தகட்டின் உள்ளே அரக்கை நிரப்பிப் பின்புறத்தை மூடுவர். வெளியே பொன், உள்ளே அரக்கு, இடையே கல், கோக்க நூல். பல பொருட்களைக் கலந்து ஓரணி செய்வதென்பது மேனாட்டார் வந்து நமக்குக் கற்பித்த புதுமையன்று என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னும் ஒருபடி பின்னோக்கிச் சென்றால், பொன்னுக்கு முன்னே ஓலை நிற்கக் காண்கிறோம். தோடு என்னும் சொல்லுக்குப் பனையோலை என்றும் பொருளுண்டு. காதணி என்றும் பொருளுண்டு. ஓலை என்ற சொல்லும் அவ்வாறே. பனையோலையைச் சுருட்டிக் காதுத் துளையிலே செருகிய வழக்கமே பின்னர் பொன்னாலும் மணியாலும் ஆன தோடாக வளர்ந்தது. காதோலையும் கருகமணியும் மங்கலப் பொருள்களாய் ஆடிப்பெருக்கன்று ஆற்றிலே இடப்படும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. தாலி என்ற சொல்லையே பனையைக் குறிக்கும் தாலம் என்ற சொல்லோடு தொடர்புபடுத்துவோரும் உளர். வடபுலத்திலே பனை இல்லாத வளவைக் காண்பது அரிது. ஆகவே ஓலையில் அணி செய்யும் பெண் ஏழ்மையினால் பொன்னைக் கைவிட்டவள் அல்லள். பொன்னின் தாய்வீட்டுக்குத் திரும்பியவள் என்றே நான் கூறுவேன்.

மணிகளின் கதையும் இத்தகையதே. மன்னார்ப் பகுதியிலுள்ள மாந்தைத் துறைமுகம் பழங்காலத்திலே மணிகள் செய்யப்பட்ட இடங்களுள் ஒன்றென அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. நமது கடலிலே குளித்தெடுத்த சங்குகள் வங்காளம் வரை சென்று, அங்குள்ள பெண்களின் கைவளைகளாயின. மூலப்பொருளை நாம் அனுப்பினோம். வளையலாக அறுத்து விற்றவர் அதன் பெரும்பயனைப் பெற்றனர். இந்த வரலாற்றிலே ஒரு பாடம் இருக்கின்றது. அதனைப் பேச்சின் பிற்பகுதியிலே நினைவுகூருவோம்.

நேயர்களே, வன்னி மக்களுக்கு நகை என்பது வெறும் அலங்காரமன்று. அது சேமிப்பு, அது காப்புறுதி, அவசரத்துக்கு உதவும் உறவினர் போன்றது. நெல் விதைக்கும் காலத்தில் அடைவு வைக்கப்பட்டு, அறுவடை முடிந்ததும் மீட்கப்படுவது அது. நம் திருமணங்கள் பொன்னுருக்கல் என்னும் சடங்குடனேயே தொடங்குகின்றன. நல்ல நேரம் பார்த்துப் பொன்னை உருக்கித் தாலிக்கு வடிவு கொடுக்கும்போது இரு குடும்பங்களின் உறவும் அதனோடு சேர்த்து வார்க்கப்படுகின்றது என்பது நம்மவர் நம்பிக்கை.

2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் கிளிநொச்சி மாவட்டத்து மக்கள் தர்மபுரம் வழியே கிழக்கு நோக்கி, விசுவமடு, புதுக்குடியிருப்பு எனப் பெயர்ந்து சென்றதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெயர்வில் வீடுகள் போயின, மாடுகள் போயின, மனிதரும் போயினர். எஞ்சிய தாலிக்கொடியும் காப்பும் அரிசிக்காகவும் பால்மாவுக்காகவும் கைமாறின. சில மண்ணிலே புதைக்கப்பட்டு, மீண்டும் தேடியபோது காணப்படவில்லை. 2025ஆம் ஆண்டு மே மாதத்திலே, போர் முடிந்த காலத்தில் படையினர் மீட்டெடுத்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான நகைகள், உரியவரைக் கண்டறிந்து சேர்ப்பிக்கும் நோக்குடன் பொலீசாரிடம் ஒப்படைக்கப்பட்ட செய்தியைப் பலரும் கேட்டிருப்பீர்கள். பதினாறு ஆண்டுகளின் பின்னர் ஒருவர் தன் நகையைத் தன்னுடையது என்று எவ்வாறு நிறுவுவார்? பற்றுச்சீட்டும் இல்லை, நிழற்படமும் இல்லை. உருவிலே உள்ள வேறுபாடும், செய்த பத்தர் இட்ட அடையாளமும், பின்புறத்தே பொறித்த ஓரெழுத்துமே சாட்சி சொல்ல வேண்டியவை.

இந்நிலையிலே சிலம்பின் கதை நம் நினைவுக்கு வருவது இயல்பே. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றிய இரு சிலம்புகளை வேறுபடுத்திக் காட்டியது உள்ளேயிருந்த பரல். அந்தக் கண்ணகியைத் தெய்வமாகக் கொண்டாடும் வற்றாப்பளைத் திருத்தலம் முல்லைத்தீவிலேயே இருக்கின்றது. வைகாசி விசாகப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் அங்கே திரள்கின்றது. நகையிலே ஒருவருடைய அடையாளம் உறைந்திருக்கின்றது என்ற உண்மையை இம்மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இழந்த பொன்னை மீண்டும் வாங்குவது எளிதன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே ஒரு பவுணின் விலை பெரிதும் ஏறியது. பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியிலே பல. அவர்களிற் பலர் தொழில் தொடங்கவென்று நுண்கடன் பெற்று, வாராவாரம் தவணை செலுத்த இயலாது தவித்தனர். 2018ஆம் ஆண்டிலே, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. ஆகவே, பெருமுதல் வேண்டாததும், வீட்டிலிருந்தே செய்யக்கூடியதும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தொடரக்கூடியதுமான தொழில் எதுவென்று தேடும்போது, இந்தக் கைவினை நம் கவனத்துக்கு வருகின்றது.

இனி, றப்பர் அச்சைப் பற்றிச் சிறிது கூறுவேன். 1844ஆம் ஆண்டிலே அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் என்பார், றப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் றப்பர் முத்திரை பிறந்தது. றப்பர்க் கன்றுகள் இலங்கைக்கு வந்தது 1876ஆம் ஆண்டில். கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் அவை நடப்பட்டன. றப்பர் ஈரவலயத்து மரம். அதன் பட்டையைச் சீவிப் பாலெடுத்த கைகளிற் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் கைகள். 1958ஆம், 1977ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்களுக்குப் பின் தோட்டப் பகுதிகளை விட்டு வன்னியிலே குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களின் வழிவந்தோர் தர்மபுரத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் இன்று வாழ்கின்றனர்.

கந்தோர்களிலே காணும் றப்பர் முத்திரையை இம்மக்கள் நன்கறிவர். கூப்பன் அட்டையிலே முத்திரை. இடம்பெயர்ந்தோர் பதிவிலே முத்திரை. கிராம உத்தியோகத்தரின் கடிதத்திலே முத்திரை. மரணச் சான்றிதழிலே முத்திரை. முத்திரைக்காகக் காத்து நின்றே வாழ்நாளிற் பாதியைக் கழித்தவர் இருக்கின்றனர். அதே றப்பரைத் தன் கையாலே செதுக்கி, தான் விரும்பிய பூவையும் புள்ளையும் தானே பதிப்பதென்பது அத்தகைய ஒருவருக்குச் சிறிய காரியமா? ஒரு முத்திரையைப் பெறுவதற்காக நின்றவர், முத்திரையை இடுபவராக மாறுகின்றார். தொழிலின் வருவாயை நாணயத்தால் அளக்கலாம். இந்த மாற்றத்தை அளக்க நாணயம் போதாது.

அச்சைச் செய்யும் முறை எளிது. பாடசாலையிலே வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்துப் பூவடிவம் பதிக்காத சிறுவர் யார்? அதன் தொடர்ச்சியே இது. பெரிய அழிறப்பர் ஒன்றை எடுத்து, அதன்மேல் பென்சிலால் உருவை வரைக. வேண்டிய கோட்டை நிறுத்தி, வேண்டாத பகுதியைக் கூரிய சிறு கத்தியால் அகற்றுக. கத்தியைச் செங்குத்தாக இறக்காமல், கோட்டிலிருந்து வெளிப்புறம் சரியும்படி பிடித்தல் வேண்டும். கோட்டின் அடி அகன்றும் முடி குறுகியும் இருந்தாற்றான் அழுத்தும்போது அது மடியாது நிற்கும். எழுத்தைப் பொறிப்பதாயின் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாற்றிப் பொறிக்க வேண்டும். பழைய செருப்பின் அடித்தட்டும் இதற்கு உதவும். செதுக்கிய துண்டை ஒரு மரக்கட்டையிலே ஒட்டினால் பிடி அமைந்துவிடும்.

உலோக அச்சுக்கும் மர அச்சுக்கும் இல்லாத ஒரு குணம் றப்பருக்கு உண்டு: அது வளைந்து கொடுக்கும். சிரட்டையின் மேற்பரப்பு சமமானதன்று. மர அச்சை அதன்மேல் வைத்தால் நடுவில் மாத்திரமே படியும். றப்பர் அச்சோ வளைவோடு வளைந்து முழுவடிவையும் பதிக்கும். இந்த ஒரு குணமே நமது ஊர்ப் பொருள்களுக்கு அதனை ஏற்ற கருவியாக்குகின்றது.

எந்தப் பொருளில் எவ்வாறு பதிப்பது என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது களிமண். வன்னியின் களிமண் தரமானது. ஒட்டுசுட்டானிலே ஓட்டுத் தொழிற்சாலை அமைந்ததற்கு அதுவே காரணம். மண்ணை நீரிலே கரைத்து அரித்து, கல்லும் வேரும் நீக்கி, பிசைந்து பதப்படுத்த வேண்டும். ஒரே தடிப்புள்ள இரு தடிகளை இருபுறமும் வைத்து, நடுவே மண்ணை உருளையால் உருட்டினால் தகடு ஒரே சீராக அமையும். அச்சின் முகத்திலே சிறிது எண்ணெயோ சாம்பலோ தடவி, நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். சரித்தால் உரு கலங்கும். போத்தல் மூடியால் வட்டமாக அறுத்து, ஈர்க்கினால் துளையிடுக. துளையைச் சூளைக்குப் பின் இடலாம் என்று விட்டுவிட்டால் வில்லை உடையும். மண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கம் இருக்கும் என எதிர்பார்த்து அச்சைச் சற்றுப் பெரிதாகச் செய்வது அறிவுடைமை. வெயிலிலே அவசரமாகக் காயவிட்டால் ஓரம் முந்திக் காய்ந்து வில்லை வளைந்துவிடும். நிழலிலே சில நாள் கிடத்தி, புரட்டிப் புரட்டிக் காயவிடுக. பின்னர் சூளையில் வெப்பத்தை மெல்ல ஏற்றுதல் வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகி வெடிக்கும். ஏறக்குறைய 600 பாகை செல்சியசைக் கடந்த பின்னரே மண் மீண்டும் நீரில் கரையாத சுடுமண்ணாக மாறும். வெயிலில் உலர்ந்ததைச் சுட்டதென்று விற்பவர் முதல் மழையிலேயே பெயரை இழப்பார். தமிழ்நாட்டிலே சுடுமண் நகை இன்று பெருவழக்காகிவிட்டது. நமது குயவர் குடும்பங்களின் சூளை அறிவும் இளம்பெண்களின் வரைதிறனும் கூடினால் இங்கும் அது வளரும்.

இரண்டாவது பனையோலை. நமது பன்னவேலையிலே கைதேர்ந்த முதியோர் ஊர்தோறும் உளர். குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, உலர்த்தி, சாயம் கலந்த நீரிலே அவித்து, சத்தகத்தால் வேண்டிய அகலத்துக்கு வார்ந்து கொள்வர். ஓலையின் மேற்பரப்பில் இயற்கையாகவே மெழுகுபோன்ற ஒரு பூச்சு உண்டு. அதனால் சாதாரண முத்திரை மை அதன்மேல் ஒட்டாது பரவிப்போகும். அவித்துத் துடைத்த ஓலையிலே, விரைவில் உலரும் எண்ணெய்த்தன்மையான மை நன்கு பிடிக்கும். இன்னொரு வழி நம் முன்னோர் கண்டது: எழுத்தாணியால் கீறி, விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் கீறலிலே மாத்திரம் கருமை தங்கும். ஏடெழுதிய அம்முறையைத் தோட்டுக்கும் பதக்கத்துக்கும் பயன்படுத்தினால், அது உலகில் வேறெங்கும் எளிதிற் கிடைக்காத அழகைத் தரும்.

மூன்றாவது சிரட்டை. வாளால் வடிவாக அறுத்து, மண்ணாங்கடதாசி என்று நாம் சொல்லும் தேய்கடதாசியால் முதலில் கரடாகவும் பின்னர் மென்மையாகவும் தேய்த்தால், எண்ணெய் பூசாமலே மினுங்கும். கடும் மண்ணிறத்துச் சிரட்டையிலே வெள்ளை, மஞ்சள் நிற மைகள் எடுப்பாகத் தெரியும். நான்காவது கடதாசி. பழைய தாள்களைக் கஞ்சிப் பசையால் ஏழெட்டு அடுக்காக ஒட்டி, பாரம் வைத்து உலர்த்தினால் மரத்தகடு போன்ற உறுதி வரும். அதிலே முத்திரையிட்டு வாணிசு பூசினால் நீரையும் ஓரளவு தாங்கும். மேனாடுகளிலே, சூடேற்றினால் சுருங்கித் தடிக்கும் பிளாஸ்ரிக் தாளிலும், அடுப்பிலே வேகவைத்தால் இறுகும் செயற்கைக் களியிலும் அச்சிடுவர். அவற்றை நாமும் பயன்படுத்தலாம். ஆயினும் வெளிநாட்டிலிருந்து வரும் பொருளை நம்பித் தொழிலை அமைத்தால், கப்பல் வராத ஆண்டிலே தொழிலும் நின்றுவிடும். 2022ஆம் ஆண்டு நமக்கு அதனை நன்றாகவே உணர்த்தியது.

பல பொருள்களை இணைப்பதே இக்கலையின் உயிர். அதன் இடர்ப்பாடும் அங்கேதான். ஓலை ஈரக்காற்றிலே விரியும், சுடுமண் விரியாது. கம்பி வளையும், சிரட்டை வளையாது. ஆகவே பசையை மாத்திரம் நம்பி இரண்டையும் ஒட்டிவைத்தால், ஒரு மாரிகாலம் போதும், அவை பிரிந்துவிடும். துளையிடுக, கட்டுக, கம்பியால் பிணைக்குக; பசை துணைக்கு மாத்திரம் இருக்கட்டும். ஒவ்வொரு பொருளும் சிறிது அசைவதற்கு இடம் விட்டு இணைப்பதே உறுதியான இணைப்பு. மனிதர் கூடி வாழும் ஊருக்கும் இவ்விதி பொருந்தும் போலும்!

சில எச்சரிக்கைகளையும் கூறாதிருத்தல் தகாது. மலிவான காதுக் கொளுக்கிகளிலே நிக்கல் கலந்திருக்கும். அது பலருக்குத் தோலிலே அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994ஆம் ஆண்டிலேயே அதற்குச் சட்டக் கட்டுப்பாடு விதித்தன. காதிலே படும் கொளுக்கியை மாத்திரமாவது வெள்ளியிலோ தரமான துருவேறா உருக்கிலோ அமைக்க வேண்டும். அடுத்தது குன்றிமணி. சிவப்பும் கறுப்புமாய் அழகுடைய அவ்விதையைப் பத்தர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்தினர். ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. துளையிடும்போது மேலோடு உடைந்து நஞ்சு வெளிப்படும். குழந்தை வாயிலே வைத்தால் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியை மாலையிற் கோக்க வேண்டாம். வாணிசையும் கடும் பசைகளையும் அறைக்குள்ளே பூட்டிக்கொண்டு பூசுதலும் கூடாது. காற்றோட்டமான திண்ணையே அதற்குரிய இடம்.

இனி உருவமைப்பு. கொழும்புக் கடையிலே கண்ட அமெரிக்கப் பூவை அப்படியே செதுக்கினால், அதனை நம்மிலும் மலிவாக இயந்திரம் செய்து தரும். இயந்திரம் அறியாததை நாம் செய்தல் வேண்டும். முற்றத்துப் புள்ளிக்கோலம் இருக்கின்றது. இரணைமடு நீர் பாயும் வயலில் முற்றித் தலைசாய்ந்த நெற்கதிர் இருக்கின்றது. சேற்றிலே ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு இருக்கின்றது. பங்குனி உத்தரத்தில் பொங்கல் காணும் புளியம்பொக்கணை நாகதம்பிரானின் படமெடுத்த வடிவம் இருக்கின்றது. மலையகத்திலிருந்து வந்த தாத்தாவின் கொழுந்துக்கூடை இருக்கின்றது. தன் கண்ணாலே கண்டதைச் செதுக்குகின்றவளுக்கு வடிவங்கள் வற்றுவதில்லை.

இறுதியாக, விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். கைப்பணியாளர் பலர் தோற்பது வேலையிலே அல்ல, கணக்கிலே. ஓர் உதாரணம் கூறுகின்றேன். ஒரு பெண் ஒரு நாளிலே எட்டுச் சோடித் தோடுகள் செய்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். தன் உழைப்புக்கு நாளொன்றுக்கு 1,500 ரூபா என்று மதிப்பிட்டால், ஒரு சோடிக்கு ஏறக்குறைய 190 ரூபா வரும். பொருட்செலவு 80 ரூபா. உடைவதற்கும் பழுதாவதற்கும் 30 ரூபா. பொதியும் பயணமும் 30 ரூபா. ஆக 330 ரூபா. வணிகர் ஒருவர் வந்து, “200 ரூபா தருகின்றேன், எல்லாவற்றையும் கொடுத்துவிடும்” என்கிறார். கையிலே பணத்தைக் கண்டதும் அவள் மகிழ்கின்றாள். ஆனால் மற்றைச் செலவுகளைக் கழித்துப் பார்த்தால் சோடிக்கு 60 ரூபாவே அவளுக்கு எஞ்சும். எட்டுச் சோடிக்கு 480 ரூபா. நாள் முழுதும் கண்ணையும் விரலையும் தேய்த்ததற்கு அதுதானா கூலி? அதே தோடு நகரத்துக் கண்ணாடிப் பெட்டியிலே இரண்டு மூன்று மடங்கு விலைக்கு நிற்கும். சங்கை வங்காளத்துக்கு அனுப்பிவிட்டு வளையலின் பயனை இழந்த கதை மீண்டும் நிகழ்கின்றது.

இதற்கு வழி என்ன? தனித்தனியே விற்பதை விட்டு ஏழெட்டுப் பேர் கூடி ஒரே விலை சொல்லுதல் முதல்வழி. வற்றாப்பளை, புளியம்பொக்கணைத் திருவிழாக்களிலே தாமே கடை விரித்தல் இரண்டாவது வழி. 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பனை அபிவிருத்திச் சபையும், 1982ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசிய அருங்கலைகள் பேரவையும் கைப்பணியாளருக்கென ஏற்பட்டவையே. அவற்றை அணுகிப் பயிற்சியையும் பதிவையும் கேட்பது நம் உரிமை. கடன் வாங்கித் தொடங்குதல் மாத்திரம் வேண்டாம். அழிறப்பரும் கத்தியும் மண்ணும் ஓலையும் வாங்கக் கடன் எதற்கு? முதற் பத்துச் சோடியை விற்ற பணத்தில் அடுத்த இருபதைச் செய்க. மெதுவாக வளர்வது நிலைத்து வளரும்.

இத்தொழில் ஒரு குடும்பத்தின் முழுச்சுமையையும் முதல் ஆண்டிலேயே தாங்கிவிடும் என்று நான் கூற வரவில்லை. தோட்டமும் கோழியும் தையலும் போல, வருவாயின் ஒரு காலாக அது நிற்கும். நான்கு கால்கள் இருந்தால் கட்டில் சாயாது. அதனை வேடிக்கை என்று தள்ளுவோரும் தவறுகின்றனர்; ஒரே நாளில் செல்வம் தரும் என்று ஆசை காட்டுவோரும் தவறுகின்றனர்.

நேயர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கின்றேன். செய்கின்ற ஒவ்வோர் அணியின் பின்புறத்திலும் செய்தவர் தம் சிறு அச்சொன்றைப் பதிக்கட்டும். ஓரெழுத்தாயினும் போதும், ஒரு பூவாயினும் போதும். ஆனைக்கோட்டை மோதிரத்துக்குரியவர் மறைந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அவர் இட்ட முத்திரை இன்னும் அவருக்காகப் பேசுகின்றது. பொன்னையும் உறுதிகளையும் பெயர்களையும் இழந்த ஒரு நிலத்திலே, “இது என் கையால் ஆனது” என்று ஒரு மண்வில்லை சொல்லுமாயின், அது எந்தப் பவுணுக்கும் குறைந்த செல்வமன்று.